மேல்வீட்டு மிக்ஸி

பாசிர் ரிஸ் அடுக்குமாடிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்டை வீட்டாருக்கு,

நீங்கள் எந்த புளோக்கில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. எலியாஸ் சாலைப் பக்கமாக இருக்கலாம், லோயாங் பாயிண்ட் பக்கமாக இருக்கலாம், எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி எழுந்திருக்கும் புதிய கட்டடங்களில் ஒன்றாகவும் இருக்கலாம். ஆனால் நாளை காலை ஐந்தரை மணிக்கு உங்கள் சமையலறையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தேங்காய்ச் சில்லும் பச்சை மிளகாயும் பொட்டுக்கடலையும் ஜாருக்குள் போகும். ஒரு கை மூடியை அழுத்தும், மறு கை குமிழைத் திருப்பும். ஏழரைக்குள் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும், அதற்குள் இட்லிக்குச் சட்னி, டப்பாவுக்குப் புதினா சாதம், வீட்டுக்காரருக்கு மோர்க்குழம்பு. நானும் இருபத்திரண்டு ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

நாங்கள் இங்கே குடியேறியது 1993இல். ரயில் நிலையம் திறந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. கிழக்கு மேற்குப் பாதையின் கடைசி நிலையம். தேக்காவுக்குப் போய்க் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கித் திரும்பினால் அரைநாள் கழிந்துவிடும். எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு சீனப் பாட்டி மகளோடு இருந்தார். தீபாவளிக்கு முறுக்கு கீழே போகும், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு மேலே வரும். மின்தூக்கியில் பார்த்தால் சிரிப்போம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தியோசூ தெரியாது, இருவருக்கும் கொஞ்சம் மலாய் தெரியும், அது போதுமானதாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

2015இல் ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் போனோம். ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்த இரண்டாம் நாள், மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது பாட்டியின் மகள் வந்தார். ஊரில் எல்லாரும் நலமா என்று விசாரித்துவிட்டு, "இந்த ஒரு மாதமும் அம்மா விடியும் வரை தூங்கினார்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அம்மாவின் உடம்பு தேறியிருக்கிறது என்ற மகிழ்ச்சியில்தான் சொன்னார். நான் வீட்டுக்குள் வந்து சமையலறையில் நின்றேன். மேடைமேல் மிக்ஸி. அதற்கு நேர் கீழே அவர்களுடைய சமையலறை. அதை ஒட்டியிருப்பது பாட்டியின் அறை. மேல்வீடும் கீழ்வீடும் ஒரே அச்சில் வார்த்தவை அல்லவா, அவர் கட்டில் எங்கே கிடக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம், வாரத்தில் ஐந்து ஆறு நாள், விடியுமுன் அந்தக் கட்டிலுக்கு மேலே நான் மிக்ஸி ஓட்டியிருக்கிறேன்.

அன்று மாலையே போய் மன்னிப்புக் கேட்டேன். பாட்டி கையை ஆட்டி, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லி என் கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டைத் திணித்தார். இப்போது அவர் இல்லை. வயதான உடம்பில் ஒருமுறை கலைந்த தூக்கம் திரும்ப வராது என்பதை இன்று என் உடம்பே எனக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அவர் ஒரு நாளாவது வந்து கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. புகார் வராததால் தொந்தரவே இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். உங்களில் எத்தனை பேர் இன்று அதே நினைப்பில் இருக்கிறீர்கள் என்று எண்ணும்போதுதான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு வீட்டையும் சொல்கிறேன். எதிர் புளோக்கில் ஒரு இளம் தம்பதி, ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஒருநாள் அவர்கள் கதவில் யாரோ ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை. காலை நேர இயந்திரச் சத்தத்தை நிறுத்தாவிட்டால் நகர மன்றத்துக்கு எழுதப்போவதாக இரண்டு வரி. அந்தப் பெண் பயந்துபோய் மிக்ஸியைக் கழுவித் துடைத்து ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டார். "அரைக்கிறதையே விட்டுட்டேன் ஆன்ட்டி" என்றார் என்னிடம். இப்போது அந்த வீட்டில் சட்னி பாக்கெட்டில் வருகிறது, இஞ்சி பூண்டு விழுது பாட்டிலில் வருகிறது, மேடைமேல் சின்ன ஸ்மூத்தி பிளெண்டர் ஒன்று நிற்கிறது. அதில் வாழைப்பழமும் பாலும் மட்டும் சுற்றுகின்றன. இதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய அம்மா கொடுத்தனுப்பிய மிக்ஸி அது.

அரைக்காமல் இருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் என் அம்மா அம்மியில் அரைத்தே ஏழு பேருக்குச் சமைத்தார். குழம்புக்கு ஒரு தடவை, துவையலுக்கு ஒரு தடவை, பிள்ளை பெற்ற வீட்டுக்கு மருந்து அரைக்க ஒரு தடவை. அறுபது வயதில் அவர் விரல் மூட்டுகள் மடங்கவில்லை. 1979இல் என் தாய்மாமா சிதம்பரம் கப்பலில் மெட்ராஸிலிருந்து வந்தபோது ஒரு சுமீத் மிக்ஸியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். உருண்டை முனைப் பிளக்கை வெட்டியெறிந்துவிட்டு இங்குள்ள சதுர முனைப் பிளக்கை மாட்டினார்கள். அம்மா முதல் தடவை தேங்காய் அரைத்துவிட்டு ஜாரைத் திறந்து பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார். அதை நான் மறக்கவில்லை. அந்தக் கருவியை வீட்டைவிட்டு அனுப்பச் சொல்ல எனக்கு வாய் வராது.

அது ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழமும் பாலும் கலக்கப் பிறந்த மேல்நாட்டு பிளெண்டர் நம் சமையலுக்குத் தாங்காது. பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் வீட்டில் நடந்ததும் அதுதான். அவர் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் மிக்ஸி பழுதாகிப் போனது. உளுந்தையும் காய்ந்த மிளகாயையும் மஞ்சளையும் தாங்கக்கூடிய மோட்டாரைச் செய்தால்தான் ஆகும் என்று அவர் இறங்கினார். 1963இல் தொடங்கிய அந்த முயற்சியில் பிறந்ததுதான் சுமீத். கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாக அரைக்க வேண்டுமென்றால் கத்தி நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்றுச் சுற்ற வேண்டும். உள்ளே கார்பன் பிரஷ் உரசும், மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி ஊளையிடும், எஃகு ஜார் அதையெல்லாம் பெருக்கிக் கொடுக்கும். பக்கத்தில் நின்றால் 85 டெசிபல் வரை போகும். சாதாரணப் பேச்சு 60தான். ஆக, சத்தம் அதன் கோளாறு இல்லை, அதன் வலிமைக்கு நாம் கொடுக்கும் விலை. அந்த விலையைக் கீழ்வீட்டுக்காரர் தன் தூக்கத்திலிருந்து கொடுக்கிறார் என்பதே என் வருத்தம்.

இதைச் சொன்னால் உங்களில் சிலர் என்ன கேட்பீர்கள் என்று தெரியும், ஏனென்றால் என் தம்பியே கேட்டான். "குழம்பு விஷயத்தில் நாடே நம் பக்கம் நின்றதே அக்கா, மிக்ஸிக்கு ஏன் நாம் குனிய வேண்டும்?"

நினைவிருக்கிறதா, 2011 ஆகஸ்ட். ஓர் இந்தியக் குடும்பத்துக்கும் சீனாவிலிருந்து வந்து குடியேறிய பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்கும் குழம்பு வாசனையால் சில ஆண்டுகளுக்கு முன் வந்த தகராறும், சமூக சமரச நிலையத்தில் அது முடிந்த விதமும் நாளிதழில் வெளியாயின. பக்கத்து வீட்டார் இல்லாத நேரத்தில் மட்டும் குழம்பு வைக்கிறோம் என்று இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது, குழம்பைச் சுவைத்துப் பார்க்கிறோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். யாரும் திணித்த தீர்ப்பல்ல, தாங்களாகவே செய்துகொண்ட உடன்பாடு. ஆனாலும் ஊர் கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் குழம்பு வையுங்கள் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு போனது. பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். சீனர் வீடுகளில், மலாய்க்காரர் வீடுகளில், யுரேஷியர் வீடுகளில் அன்று குழம்பு கொதித்தது. எங்கள் தாழ்வாரத்திலும் நாலு வீட்டில் மணத்தது. கீழ்வீட்டுப் பாட்டியின் மகள் ஒரு கிண்ணம் கோழிக் குழம்பை மேலே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உப்பு சரியா என்று கேட்டார்.

தம்பி அந்த நாளை உரிமைச் சீட்டாகப் பார்க்கிறான். எனக்கு அது கடனாகத் தெரிகிறது. நம் வாசனையைத் தங்களுடையது என்று சொன்ன மனிதர்களின் தூக்கத்தை நாம் எப்படி அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியும்? பாட்டியின் மகள் குழம்புக் கிண்ணத்தோடு படியேறி வந்த அந்தக் காலத்திலும் விடியற்காலையில் என் மிக்ஸி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தவிரவும் வாசனையும் சத்தமும் ஒன்றல்ல. வாசனை சன்னலைத் திறந்தால் போய்விடும், தூங்குகிறவரைத் தட்டி எழுப்பாது. மேடையிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து தளத்துக்கும் இறங்கும் அதிர்வை எந்தச் சன்னலும் தடுக்காது.

"அவர்கள் சத்தம் போடுவதில்லையா?" என்பது அடுத்த கேள்வி. போடுகிறார்கள். மலாய்க்காரர் வீட்டில் சம்பலுக்கு பிளெண்டர் ஓடுகிறது. சீனர் வீட்டில் வெட்டுப்பலகையில் எலும்பு வெட்டுகிறார்கள், மாஜோங் கட்டைகளை உருட்டுகிறார்கள். சீனர்களின் ஏழாம் மாதத்தில் கெத்தாய் மேடைப் பாட்டு வட்டாரத்தையே நிறைக்கிறது. ஆனால் கெத்தாய்கூட இரவு பத்தரைக்குள் முடிந்தாக வேண்டும். மாஜோங்குக்கும் நேரம் இருக்கிறது. விடியுமுன் ஐந்தரை மணிக்கு, வாரத்தில் ஐந்து ஆறு நாள், வருடக்கணக்காக ஒலிக்கும் சத்தம் எது என்று நமக்கு நாமே கேட்டுப் பார்ப்போம். மனம் கசந்துதான் சொல்கிறேன், என் புளோக்கில் அது என்னுடையதாக இருந்தது.

நாம் ஏன் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாசிர் ரிஸ்ஸில் ரயில் வந்த அதே 1989இல்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை வீடு என்று வரம்பு வைத்தார்கள். அதனால் தமிழர் தெரு என்று ஒன்று இங்கே இல்லை. ஊரில் பக்கத்து வீட்டிலும் மிக்ஸி ஓடும், எதிர் வீட்டிலும் ஓடும், எல்லாருக்கும் அது விடியலின் அடையாளம். 2011 செப்டம்பரில் தமிழக அரசே இலவச மிக்ஸி கொடுக்கத் தொடங்கிய பிறகு அது இல்லாத வீடே அரிது. இங்கே நம் மிக்ஸி பெரும்பாலும் ஒரு சீனர் தலைக்கு மேலேயோ மலாய்க்காரர் சுவருக்கு அப்பாலோ ஓடுகிறது. அவர்களுக்கு அது சட்னி என்று தெரியாது. துளையிடும் இயந்திரமா, துணி துவைக்கும் இயந்திரமா என்று இருட்டில் படுத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

நேரத்துக்கு ஏற்கெனவே ஒரு வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது. அண்டைவீட்டு இரைச்சல் பற்றி ஆராய 2022இல் அமைத்த சமூக ஆலோசனைக் குழு, இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை இருந்த அமைதி நேரத்தை இரவு பத்து முதல் காலை எட்டு வரை நீட்டிக்கலாம் என்று பரிந்துரைத்தது. எட்டு மணி வரை சட்னி இல்லாமல் எந்தப் பள்ளிப் பிள்ளை சாப்பிட்டுக் கிளம்பும் என்று உங்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வந்தது. அந்த நேரத்தில் அரைத்தால் யாரும் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. ஆனால் விஷயம் முற்றினால் சமரச நிலையம் இருக்கிறது, அதையும் தாண்டினால் 2015இல் வந்த சமூகச் சச்சரவுத் தீர்வு நடுவர் மன்றம் இருக்கிறது, அங்கே 20,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்க முடியும். ஒரு கரண்டிச் சட்னிக்காக இரண்டு குடும்பம் நடுவர் முன்னால் நிற்கும் நாள் நம் வட்டாரத்தில் வரக்கூடாது.

அந்த வரம்பும் முழுத் தீர்வு அல்ல. நம் வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே சாங்கி விமான நிலையம், லோயாங் தொழிற்பேட்டை, மருத்துவமனைகள். இரவு வேலை முடித்து ஏழு மணிக்கு வீடு வந்து படுக்கிறவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்குக் காலை பத்து மணிதான் நடுநிசி. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு மத்தியானம் இரண்டு மணி. கடிகாரத்தைப் பார்த்து மட்டும் இதைத் தீர்த்துவிட முடியாது.

சரி, எப்படித்தான் அரைப்பது? பாட்டியின் மகள் சொன்ன அந்த நாளுக்குப் பிறகு நான் மாறிக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். தீபாவளி அன்று தவிர, எங்கள் வீட்டில் விடியலில் மிக்ஸி ஓடி வருடங்கள் ஆகின்றன. இட்லி மட்டும் நிற்கவில்லை.

முக்கியமானது, அரைப்பதை மாலைக்கு மாற்றியதுதான். தேங்காய்ச் சட்னி மறுநாள் காலை ஊசிப்போகும் என்று எல்லாரும் பயப்படுகிறோம். குழாய்த் தண்ணீர் விட்டு அரைத்து மேடையிலேயே வைத்தால் இந்த ஊர் வெக்கையில் ஊசத்தான் செய்யும். காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொஞ்சமாக விட்டு, உப்புப் போட்டுக் கெட்டியாக அரைத்து, ஈரமில்லாத டப்பாவில் உடனே குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள். காலையில் தேவையான தண்ணீர் கலந்து கடுகு தாளித்துக் கொட்டினால் வித்தியாசம் தெரியாது. தாளிப்பை மட்டும் இரவிலேயே செய்துவிடாதீர்கள். கொத்தமல்லித் துவையலும் இஞ்சித் துவையலும் புளி சேர்ந்தவை, எண்ணெயில் வதக்கி அரைத்தால் மூன்று நாலு நாள் நிற்கும். தக்காளி வெங்காயச் சட்னி இரண்டு நாள். பச்சை வெங்காயத்தை மட்டும் முன்கூட்டி அரைத்து வைக்காதீர்கள், கசக்கும். வதக்கிய பிறகே அரையுங்கள். காலை அவசரத்தில் வதக்கிய சூட்டோடு ஜாரில் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தூக்கி முகத்தில் அடிக்கும், என் ஓரகத்திக்கு அப்படித்தான் கை வெந்தது. மாலையில் அரைக்கும்போது ஆறவிட நேரம் இருக்கிறது.

இஞ்சி பூண்டை உப்பும் எண்ணெயும் சேர்த்து வாரத்துக்கு ஒருமுறை அரைத்துக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். குழம்புக்கு வறுத்தரைத்த மசாலாவை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுகிறேன், இரண்டு கட்டி எடுத்துப் போட்டால் ஒரு குழம்பு. இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி எல்லாம் ஞாயிறு மத்தியானத்து வேலை. தேக்கா ஈரச் சந்தையில் மீனுக்கு ஒரு விழுது, இறைச்சிக்கு ஒரு விழுது என்று புதிதாக அரைத்து விற்கிறார்களே, அதை வாங்கி வருவதிலும் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. சீன, மலாய்ச் சமையல்காரர்கள் காலங்காலமாக அங்கே வாங்குகிறார்கள்.

மிக்ஸி நிற்கும் இடத்தையும் பாருங்கள். சுவரை ஒட்டி நிற்கிறதென்றால் ஒரு சாண் முன்னால் இழுங்கள். பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சுவர் எது என்று தெரிந்துகொண்டு அதிலிருந்து தள்ளி வையுங்கள். அடியிலுள்ள ரப்பர்க் கால்கள் தேய்ந்து போயிருந்தால் மாற்றுங்கள், சில வெள்ளிதான் ஆகும், சிராங்கூன் சாலைப் பக்கம் பழுது பார்க்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கீழே கனமான ரப்பர் விரிப்பு போடலாம். துணியை மடித்துப் போடாதீர்கள், மிக்ஸி அடிப்பக்கமாகத்தான் காற்றை இழுத்து மோட்டாரைக் குளிர்விக்கிறது, துணி அதை அடைத்துவிடும். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி, மிளகாயை ஊற வைத்து, ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல் விட்டு விட்டு ஓட்டினால் மூன்று நிமிட வேலை ஒரு நிமிடத்துக்குள் முடியும். மிக்ஸி வேண்டாமென்று இடிகல்லுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இடிப்பது அதைவிட மோசம். அம்மி உருளும், உரல் இடிக்கும். ஒவ்வோர் இடியும் கீழ்வீட்டுக் கூரையில் விழுகிறது.

இளையவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். காலை ஆறு மணிக்கு பாசிர் ரிஸ் பூங்காவில் ஓடிவிட்டு வந்து, உறைந்த மாம்பழத்தையும் ஐஸ் கட்டியையும் போட்டு ஸ்மூத்தி அடிக்கிறீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் அந்த பிளெண்டரில் ஐஸ் உடையும் சத்தத்துக்கு என் மிக்ஸி எவ்வளவோ மேல். முந்தின மாலையே அடித்து, மூடிய பாட்டிலில் குளிர்பெட்டியில் வையுங்கள், காலையில் குலுக்கிக் குடித்துக்கொள்ளலாம். பப்பாளியைப் பாலோடு அடித்து வைக்காதீர்கள், கசந்துவிடும், அதைத் துண்டாகவே தின்னுங்கள். ஓட்ஸை இரவே பாலில் ஊறப் போட்டு, காலையில் கனிந்த வாழைப்பழத்தையும் தயிரையும் சேர்த்து மத்தால் கடைந்தால் ஒரு சத்தமும் இல்லை. மத்து இருக்கிறதா என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், கட்டாயம் இருக்கும்.

தீபாவளி அன்று என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாலு மணிக்கு எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்து, வடைக்கு அரைக்காமல் அது தீபாவளியா? அன்று அரையுங்கள். ஆனால் இரண்டு நாள் முன்பே மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடுகளுக்கு முறுக்குத் தட்டோடு போய், "இந்தக் காலையில் மட்டும் சீக்கிரம் சத்தம் கேட்கும், எங்கள் பெருநாள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வருடத்தில் மற்ற நாளெல்லாம் அவர்கள் தூக்கத்தை மதித்த வீட்டுக்கு அந்த ஒரு காலையை யாரும் மறுக்க மாட்டார்கள். நான் கேட்டு எவரும் மறுத்ததில்லை.

நான் உங்களிடம் வேண்டுவது இரண்டு. காலை அரைப்பை மாலைக்கு மாற்றுங்கள். அதற்கு முன், ஸ்டோர் ரூமில் மிக்ஸியைப் பூட்டி வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுங்கள். எதிர் புளோக்குப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: பெயரில்லாத ஒரு சீட்டுக்காக உங்கள் பிள்ளை வீட்டுத் துவையலின் ருசி தெரியாமல் வளர வேண்டியதில்லை. சீட்டு எழுதியவர் யாரென்று தெரியாவிட்டாலும் உங்களைச் சுற்றி இருப்பது நாலைந்து கதவுதான். ஒரு மாலை கணவரையும் அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். உங்கள் வீட்டில் எப்போது தூங்குவீர்கள், எந்த நேரம் அரைத்தால் தொந்தரவு இருக்காது என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. பாட்டியிடம் அதை நான் 1993இலேயே கேட்டிருக்க வேண்டும்.

பாட்டி போன பிறகு மகள் வீட்டை விற்றுவிட்டார். இப்போது கீழே ஒரு மலாய்க் குடும்பம், மடியில் எட்டு மாதக் குழந்தை. அவர்கள் வந்த முதல் வாரமே இறங்கிப் போய்க் கேட்டேன். குழந்தை எட்டு மணிக்குத் தூங்கும் என்றார்கள். ஏழரைக்குள் நான் அரைத்து முடித்துவிடுகிறேன். உங்கள் கீழ்வீட்டில் எப்போது தூங்குவார்கள் என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

அன்புடன்,
பாசிர் ரிஸ்ஸில் உங்கள் அண்டை வீட்டுக்காரி